‘பே ஆஃப்’ வேறு, ‘செட்டில்’ வேறு

வங்கிகளும் கம்பெனிகளும் நம் கடைகளுக்கு அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கடன் சம்பந்தப்பட்ட கடிதம் என்றால் ‘பே ஆஃப்’ என்ற சொல் எங்காவது இருக்கும். ‘பே’ என்றால் செலுத்து. ‘ஆஃப்’ சேர்ந்துவிட்டால் அசல், வட்டி, இதர செலவு அனைத்தையும் கட்டிப் பேரேட்டில் கணக்கை நேர் செய்வது என்றாகிவிடும். நம் ‘பைசல்’ இதற்கு மிக நெருக்கம். வேலையாளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து நிறுத்துவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் உண்டு. நாமும் ‘கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன்’ என்றுதானே சொல்கிறோம்!

கொஞ்சம் கட்டிப் பாக்கியைக் குறைத்தால் அது ‘பே டவுன்’.

வியாபாரிகள் இடறுவது ‘செட்டில்’ என்ற சொல்லில்தான். ஐந்து லட்சம் பாக்கி; மூன்று லட்சம் கொடுங்கள், முடித்துக்கொள்வோம் என்கிறது வங்கி. கட்டியவர் கடன் அடைந்தது என்று நிம்மதியாக இருக்கிறார். கொடுத்தவர் குறைந்த தொகைக்குச் சம்மதித்து முடித்துக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவும் சொல்கிறது. ஆகவே அந்த இரண்டு லட்சத்தை மறுபடி கேட்க முடியாது. ஆனால் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் ‘குளோஸ்டு’ என்று பதிவாகாமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். நாளை சரக்குக்காக ஓவர் டிராப்ட் கேட்டுப் போனால் மேலாளர் கண் முதலில் அங்கேதான் போகும். கையில் வழியிருந்தால் முழுதாக அடைப்பதே மேல் என்பது என் கருத்து.

‘ரைட் ஆஃப்’ இன்னும் மோசமான மயக்கம் தருவது. வராக்கடன் என்று வங்கி தன் ஏட்டில் கழித்துக் காட்டுகிறது, அவ்வளவே. தள்ளுபடி என்று எழுதித் தராதவரை வசூலிக்கும் உரிமை அதற்கு இருக்கிறது.

பே ஆஃப் செய்யப் போகிறவர்கள் ஸ்டேட்மெண்டில் உள்ள பாக்கியை மட்டும் நம்பிப் பணம் எடுத்துச் செல்ல வேண்டாம். கட்டும் நாள்வரை வட்டி ஏறியிருக்கும். எந்தத் தேதிக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததும் பாக்கியில்லாச் சான்றும், கொடுத்து வைத்த காசோலைகளும், ஈடாக வைத்த பத்திரங்களும் திரும்பக் கைக்கு வர வேண்டும். தனியாரிடம் வாங்கிய கடன் என்றால் புரோநோட்டைக் கேட்டு வாங்கி, ‘வரவாகிவிட்டது’ என்று அதன் பின்புறம் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.