பால்பவுடர் டப்பாவில் ஒரு கேமரா

உச்சிவெயிலில் ஒரு புங்கமரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். இலைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும். ஆனால் கீழே விழுகிற வெளிச்சப் பொட்டுகளில் பெரும்பாலானவை வட்டம்தான். காரணம், அவை இடுக்கின் வடிவம் அல்ல, சூரியனின் படம். பகுதி கிரகணத்தின்போது இதே பொட்டுகள் பிறைகளாகிவிடும்.

ஒளி நேர்க்கோட்டில்தான் போகும். கோபுர உச்சியிலிருந்து வரும் கதிர் சின்னத் துளைக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரின் அடியில் போய் விழும். அடிப்பகுதிக் கதிர் மேலே ஏறும். படம் தலைகீழாகத் தெரிவது இதனால்தான். ஹம்பி விரூபாட்சர் கோயிலின் உள்ளறை ஒன்றில் ராஜகோபுரம் தலைகீழாக விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு துளையையும் வெயிலையும் தவிர வேறெந்தக் கருவியும் இல்லை. கிரகணத்தின்போது துளை வழியே விழும் பிறை வடிவத்தை, பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிவைத்தார்.

போட்டோகிராபி பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். லென்ஸே இல்லாத ஊசித்துளை கேமராவுக்கு ஒரு தகர டப்பா போதும்.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு சோதனை. தெருவைப் பார்த்த ஜன்னலைக் கறுப்பு அட்டையால் இடுக்கில்லாமல் மூடி, சுண்டுவிரல் நுழையுமளவு ஓர் ஓட்டை போடுங்கள். எதிர் வீட்டின் மேல் நல்ல வெயில் அடிக்கிற நேரமாக இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். பிறகு வெள்ளைச் சுவரில் அந்த வீடு கவிழ்ந்து தொங்கும். ஸ்கூட்டர்கள் மேலே ஓடும். மொபைலை அசையாமல் நிறுத்தி, ஷட்டர் நேரத்தைக் கூட்டி அதைப் படம் எடுக்கலாம். அபெலார்டோ மோரெல் என்ற கலைஞர் 1991 முதல் இப்படி அறைகளையே கேமராவாக்கிப் படம் எடுத்துப் புகழ்பெற்றார்.

இனி டப்பா. பால்பவுடர் டின்னின் உட்புறம், மூடி இரண்டுக்கும் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். பக்கவாட்டில் ஆணியால் ஓட்டை போட்டு, அதன்மேல் குளிர்பான கேனிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டை ஒட்ட வேண்டும். உண்மையான துளை இந்தத் துண்டில்தான் இருக்கப்போகிறது. ஒட்டுவதற்கு முன் அதை அட்டைமேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியின் நுனி மட்டும் இறங்கும்படி அழுத்துங்கள். பின்பக்கம் புடைத்து நிற்கும் பிசிறை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஊசியை மறுபடி நுழைத்து மெல்லச் சுழற்றினால் விளிம்பு சுத்தமாகும். படம் தெளிவாக வருவது இந்த விளிம்பைப் பொறுத்தது.

துளை பெரிதானால் படம் மங்கும். சிறிதாக்கிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்குப் பின் மறுபடியும் மங்கும். ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் வரும் வினை அது. இரண்டுக்கும் நடுவே சரியான அளவு எது என்று இயற்பியலாளர் ரேலே 1891இல் ஒரு கட்டுரையே எழுதினார். துளைக்கும் தாளுக்கும் 10 செ.மீ. இடைவெளி இருந்தால் 0.4 மி.மீ.க்குச் சற்று அதிகமான துளை பொருந்தும். கேமராக்காரர்கள் கணக்கில் அது f/220 அளவு. சாதாரண லென்ஸ்கள் f/16, f/22 அளவிலேயே நின்றுவிடுகின்றன.

பிலிமுக்குப் பதில் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர் போதும், இணையத்தில் வரவழைக்கலாம். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அது பாழாகாது என்பதால், இரவில் குளியலறையே டார்க்ரூம் ஆகிவிடும். தாளைத் துளைக்கு எதிரே வளைத்து வைத்து மூடுங்கள். துளைமேல் ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப்தான் ஷட்டர். நல்ல வெயிலில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், நிழலில் பல நிமிடங்கள் திறந்து வைக்கலாம். டப்பா அசையக் கூடாது. மேலே ஒரு கல்லை வையுங்கள். பிறகு டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், கடைசியில் தண்ணீர். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். வருவது நெகட்டிவ், ஸ்கேன் செய்து மொபைலிலேயே நேராக்கிக்கொள்ளலாம்.

கையில் மிரர்லெஸ் கேமரா இருப்பவர்கள் லென்ஸ் இடத்தில் மூடும் பாடி கேப்பில் ஓட்டை போட்டு, இதேபோன்ற ஆனால் இன்னும் சிறிய துளையை ஒட்டினால் வேலை முடிந்தது. படம் உடனே திரையில் தெரியும்.

எதை எடுப்பது? இந்தக் கேமராவுக்கு ஃபோகஸ் கிடையாது. கைக்கெட்டும் பூவும் தொலைவிலுள்ள மலையும் ஒரே தெளிவில் வரும். அதனால் டப்பாவைத் தரையோடு வைத்துப் பாருங்கள்: தேர்ச்சக்கரம், படித்துறை, கரையேற்றிய வள்ளம் எல்லாம் பூதாகரமாக நிற்கும். நடமாடுகிறவர்கள் தாளில் பதியமாட்டார்கள். சந்தைத் தெருவைக்கூட ஆளில்லாமல் எடுத்துவிடலாம்.

பொறுமை அதிகம் உள்ளவர்களுக்கு சோலார்கிராப். காலி கேனுக்குள் போட்டோ பேப்பரை வைத்து மாதக்கணக்கில் வெளியே கட்டிவிட்டால், தினமும் சூரியன் போன பாதை ஒவ்வொரு கோடாகப் பதியும். டெவலப்பர் தேவையில்லை, எடுத்தவுடன் ஸ்கேன் செய்தால் போதும். இங்கிலாந்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்போர்க் 2012இல் வைத்த பீர் கேன் 2020இல்தான் இறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கும் மேலான சூரியன் ஒரே தாளில் பதிந்திருந்தது. ஐரோப்பியப் படங்களில் வில்லாக வளையும் கோடுகள், நம் ஊரில் கிழக்கு நோக்கி வைத்தால் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் இங்கே செங்குத்தாக ஏறுகிறது. டிசம்பர் கடைசியில் கட்டி ஜூன் கடைசியில் இறக்கினால் தென்கோடியிலிருந்து வடகோடி வரை சூரியன் நகர்ந்தது முழுவதும் கிடைக்கும். மழைத்தண்ணீர் இறங்காமல் டேப் சுற்ற மறக்காதீர்கள்.

அளவில் சாதனை, 2006இல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய விமானக் கொட்டகையை இருட்டாக்கி எடுத்த படம். கால் அங்குலத்துக்கும் சிறிய துளை, 35 நிமிடம், 100 அடிக்கு மேல் நீளமான துணி.

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் போட்டோகிராபி நாள். 2001இலிருந்து நடக்கிறது. அன்று எடுத்த படத்தை யாரும் அனுப்பலாம். ஆனால் ஆளுக்கு ஒன்றுதான். டப்பா கேமராக்காரருக்கு அது கஷ்டமான விதி அல்ல. ஒரு தடவைக்கு ஒரே தாள் என்பதால், டேப்பைப் பிரிக்கும் முன்பே வெயில் எந்தப் பக்கம், எது படத்துக்குள் வேண்டும் என்று யோசித்து முடித்திருப்பார். நாளை விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும்.