ஆற்றுக்கும் மூச்சு உண்டு!

நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்துதான் ஆற்றில் விடவேண்டும். எவ்வளவு சுத்தம் போதும்? சட்டம் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது.

ஆற்று நீரில் பிராண வாயு கரைந்திருக்கிறது. மீன்கள் அதைக் கொண்டே உயிர் வாழ்கின்றன. நம் ஊர் வெப்பத்தில், ஒரு லிட்டர் தெளிந்த நீரில் சுமார் 8 மில்லிகிராம்தான் இருக்கும்.

சாக்கடை அழுக்கைத் தின்னும் கிருமிகளும் இதே பிராண வாயுவைத்தான் இழுக்கின்றன. நிலையத்திலிருந்து வெளிவரும் ஒரு லிட்டர் நீரில், அவை 3 நாளில் இழுப்பது 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சிறு நகரங்களுக்கு 2017-ல் மத்திய அரசு வகுத்த விதி இது. பெருநகரங்களுக்கு 20.

இருப்பது 8, கேட்பது 30!

ஆறு எப்படித் தாங்கும்? வெள்ளம் ஓடினால் தாங்கும். ஒரு குடம் அழுக்கு நீர், பல குடம் நல்ல நீரில் கலந்துவிடும். தருமபுரி மாவட்டத்தில் இருமத்தூர் வழியே ஓடும் தென்பெண்ணையோ கோடையில் மெலிந்துவிடும். அப்போது கலக்க நீர் ஏது?

பெரிய ஊர், சிறிய ஊர் என்ற பேதம் வேண்டாம், எல்லா ஊருக்கும் 10 என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் கூறியது.

இதற்குச் செலவு உண்டு. தொட்டிகளில் இரவு பகலாகக் காற்று ஊத மின்சாரம் வேண்டும். சிறிய நகராட்சிக்கு அது பாரம்தான். ஆனால் அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், ஆற்றங்கரைக் கிணற்றில் நீர் இறைக்கும் குடும்பம் அல்லவா விலை கொடுக்க வேண்டும்?