வண்டி ஷெட்டுல நிக்குது, இ.எம்.ஐ மட்டும் ஓடுது! வாரண்டி ரிப்பேரை இழுத்தடிச்சா என்ன பண்ணலாம்?



ஆவடியில வீடு, அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அலையுறதுக்குப் பதிலா, ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டரை இ.எம்.ஐல எடுத்துடலாம்னு எடுக்குறீங்க. நாலாவது மாசம் டிஸ்ப்ளேல எர்ரர் வருது, வண்டி நகர மாட்டேங்குது. சர்வீஸ் சென்டர்ல விட்டா, "பார்ட்ஸ் வரணும் சார், ரெண்டு நாள்ல கூப்பிடுறோம்" அப்படிங்கிறாங்க. அந்த ரெண்டு நாள் ஒரு மாசமாகுது.

வாரண்டி இருக்கு, பைசா செலவில்லைன்னு நினைப்போம். சும்மா ஒரு கணக்குப் போடுங்க. பைக் டாக்ஸிக்குப் போக வர 200 ரூபாய்னு வெச்சா, 24 வேலை நாளுக்கு 4,800. ஓட்டாத வண்டிக்குக் கட்டுன இ.எம்.ஐ ஒரு 4,000. மொத்தம் 8,800 ரூபாய். 'இலவச' ரிப்பேரோட விலை இது!

இது உங்க ஒருத்தருக்கு மட்டும் நடக்குற விஷயமும் கிடையாது. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொழிற்சாலை வெச்சிருக்கிற ஓலா எலக்ட்ரிக் கம்பெனிக்கு, 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புச்சு. ஒரு வருஷத்துல தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார் மட்டும் 10,644. அதுல 3,364 புகார் சர்வீஸ் தாமதம் பத்தினது. 99.1 சதவீதம் தீர்த்துட்டோம்னு கம்பெனி பதில் சொல்லுச்சு. அந்தக் கணக்கை நீங்க எப்படி வேணா எடுத்துக்கோங்க. நான் கவனிச்சது வேற: உதவி எண்ல பதிவானதாலதான் அந்தப் புகாரெல்லாம் எண்ணிக்கையில வந்துச்சு. கவுன்டர்ல போட்ட சண்டை எதுவும் எந்தக் கணக்குலயும் வராது.

கோவத்துல நிறைய பேர் முதல்ல சொல்றது, "இ.எம்.ஐ கட்ட மாட்டேன்". தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. கடன் கொடுத்தது பேங்க், வாரண்டி கொடுத்தது கம்பெனி, ரெண்டும் தனித்தனி ஒப்பந்தம். தவணை தவறினா அடி வாங்குறது உங்க சிபில் ஸ்கோர். டீலருக்கு ஒரு கவலையும் இல்லை.

நீங்க பிடிச்சுக்க வேண்டியது ஜாப் கார்டு. சாவியைக் கொடுத்துட்டு "சரி அண்ணே, பார்த்துச் சொல்லுங்க"னு கிளம்பிடாதீங்க. வண்டி விட்ட தேதி, ஓடுன கிலோமீட்டர், எப்போ தருவாங்கங்கிற தேதி எல்லாம் அதுல இருக்கணும். 'ஜெனரல் செக்கப்'னு எழுதினா ஒத்துக்காதீங்க. 'வண்டி ஸ்டார்ட் ஆகலை, இந்த எர்ரர் வருது'ன்னு நீங்க சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்க. ஆப்லதான் பதிவாகும்னா ஸ்கிரீன்ஷாட். போன்ல என்ன பேசினாலும், பேசி முடிச்ச கையோட "இன்னைக்கு இப்படிச் சொன்னீங்க"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடுங்க. பைக் டாக்ஸி பில்லையும் அழிக்காதீங்க.

ஒரு வாரம் தாண்டிடுச்சா? டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே மெயில். டீலர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனி டீலரைக் கை காட்டும், ரெண்டு பேரும் ஒரே மெயில்ல இருந்தா அது கஷ்டம். எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு செலவாச்சு, எந்தத் தேதிக்குள்ள வண்டி வேணும்னு தெளிவா எழுதுங்க. மாற்று வண்டி கேளுங்க. ஷெட்டுல கிடந்த நாளுக்கு வாரண்டியை நீட்டித் தரச் சொல்லியும் கேளுங்க; பெரும்பாலும் அது தானா நீளாது.

பதிலே இல்லைன்னா 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அவங்க கம்பெனிகிட்ட பேசித் தீர்க்கப் பார்ப்பாங்க, உத்தரவு போட முடியாது. உத்தரவு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற இடத்துலயோ வேலை பார்க்குற இடத்துலயோ வழக்குப் போடலாம், டீலர் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. ஆவடி, பூந்தமல்லிக்காரங்களுக்கு திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018லயே சென்னை மாவட்டத்துக்குப் போயாச்சு. வாங்குன விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்துல வீட்டுல இருந்தே பதியலாம். பிரச்சினை வந்ததுலேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில இழுக்கும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. அதனாலதான் சின்னத் தாமதத்துக்கு மெயிலும் 1915ம் போதும்னு நான் சொல்வேன். அதே கோளாறு மூணாவது தடவை வந்தா, அப்போ ஆணையத்துக்குப் போங்க.

வண்டி திரும்பக் கிடைச்சதும் சந்தோஷத்துல கையெழுத்துப் போட்டுடாதீங்க. முதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. எந்தப் பார்ட் மாத்துனாங்கன்னு எழுதின, முடிச்ச ஜாப் கார்டு ஒரு காப்பி வாங்கி, இன்வாய்ஸ் இருக்கிற அதே ஃபைல்ல வெச்சிடுங்க. மூணாவது தடவை போகும்போது கேட்கப் போறது அதைத்தான்.