கூச்சமும் நகையும்: குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன் சிங்கி உரையாடலை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் ‘கூசு’ என்னும் வினை பொருட்பரப்பு மிக்கது. ஒளி மிகுந்தவழிக் கண் கூசும். புளிப்பும் தண்மையும் பட்டவழிப் பல் கூசும். பிறர் விரல் பட்டவழி அக்குளும் உள்ளங்காலும் கூசும். பலர் முன் நிற்குங்கால் மனம் கூசும். தகாத சொல்லைச் சொல்ல நாக் கூசும். இவையனைத்திற்கும் பொதுவாய் நிற்கும் கருத்து ஒன்று உண்டு. புறத்தேயிருந்து வரும் ஒன்று நம் எல்லையைத் தீண்டுமிடத்து, உள்ளிருப்பது சற்றே பின்வாங்குதல் என்பதே அது. உடலின் கூச்சத்தையும் உள்ளத்தின் நாணத்தையும் ஒரு சொல்லால் வழங்கிய நம் முன்னோர், அவ்விரண்டும் ஓரினத்தன என்பதை உணர்ந்திருந்தனர் போலும்.

இவற்றுள் அக்குளிலும் உள்ளங்காலிலும் தோன்றும் கூச்சம் பின்வாங்கச் செய்வதோடு நில்லாது நகைக்கவும் செய்கிறது. இதனையே உலக வழக்கில் கிச்சுக்கிச்சு மூட்டுதல் என்பர். இந்நகை எவ்வகையது என்பதும், இலக்கியத்தில் இதனோடு ஒத்த நகை உண்டோ என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். இந்நான்கனுள் கிச்சுக்கிச்சு இடம்பெறவில்லை. மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் வெளிப்படுதல். கிச்சுக்கிச்சோ மெய்யில் தொடங்குவது. ஆதலின் அதனை ஆசிரியர் கொள்ளாது விட்டது முறையே எனத் தோன்றும். ஆயின், அது மெய்யளவில் நின்றுவிடுவதுதானா என்பதே வினா.

1897ஆம் ஆண்டில் ஸ்டான்லி ஹால், ஆர்தர் ஆலின் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் கூச்சத்தை இருவகையாகப் பகுத்தனர். இறகோ எறும்போ பட்டாற்போன்ற மெல்லிய குறுகுறுப்பு ஒன்று. அது நகை விளைப்பதில்லை. அழுத்தித் தீண்டுவதால் நகை விளைக்கும் கூச்சம் மற்றொன்று. முன்னதைத் தன் கையாலும் ஒருவன் தனக்கு விளைத்துக்கொள்ளலாம். பின்னது பிறரின்றி நிகழாது. தன் அக்குளைத் தானே தீண்டி நகைப்பார் இலர். இதன் காரணம் 1998ஆம் ஆண்டில் லண்டனில் பிளேக்மோர் முதலியோர் செய்த மூளை ஆய்வால் ஓரளவு விளங்கிற்று. நம் கை செய்யப்போவதைச் சிறுமூளை முன்னரே கணித்து, அத்தீண்டலின் உணர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. அவர்கள் மேலும் செய்த சோதனையில், ஒருவர் தம் கையசைவால் ஒரு கருவியை இயக்கித் தம்மைத் தாமே தீண்டினர். கையசைவிற்கும் தீண்டலிற்கும் இடையே சிறிது காலம் தாழ்க்கச் செய்தபோது கூச்சம் மிகுந்தது. எதிர்பார்ப்பிற்கும் நிகழ்விற்கும் இடையிலுள்ள சிறு வெளியே கூச்சம் பிறக்கும் இடம் என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு ஈரெட்டு ஆண்டல்ல, ஒரு நூற்றாண்டிற்கும் முன்னரே டார்வின் இதன் உள்ளப் பகுதியைக் கண்டிருந்தார். 1872ஆம் ஆண்டில் வெளிவந்த, உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் நூலில், அறிமுகமற்ற ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்டினால் குழந்தை நகையாது அஞ்சி அலறும் என்றும், தீண்டப்படும் இடம் முன்னரே தெரியலாகாது என்றும் அவர் குறித்தார். மனிதன் ஒருவனே கூச்சமுடைய விலங்கு என்பது அரிஸ்டாட்டில் கொள்கை. எலிகளும் கிச்சுக்கிச்சு மூட்டப்படுங்கால் நம் செவிக்கு எட்டாத மிகு நுண்ணொலி எழுப்புவதை ஜாக் பாங்க்செப் கண்டறிந்தபின் அக்கொள்கை தளர்ந்தது. 2016ஆம் ஆண்டில் பெர்லினில் நிகழ்ந்த ஆய்வில், உயர்ந்த மேடையில் நிறுத்தப்பட்டு அச்சமுற்ற எலிகளிடம் அவ்வொலி குறைந்தது. எனவே, தீண்டல் மட்டும் நகை விளைப்பதன்று. தீண்டுவார்பால் அச்சமின்மையும் அன்பும் உடன் வேண்டும். மெய்யில் தொடங்குவதாகத் தோன்றும் இந்நகைக்கு உள்ளமே நிலைக்களன் என்க.

நம் வீடுகளில் வழங்கும் ஒரு விளையாட்டு இதனை இனிது விளக்கும். தாயோ பாட்டியோ குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைவாள். விரல் விரலாக மடக்கி உறவினர்க்கெல்லாம் சோறு பகிர்ந்து கொடுப்பாள். பின்னர் நண்டும் நரியும் ஊர்ந்து வருவதாகச் சொல்லிக்கொண்டே, தன் விரல்களைக் குழந்தையின் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து தோளுக்கும் மெல்ல ஏற்றுவாள். அக்குளை அடையுமுன்னரே குழந்தை நகைக்கத் தொடங்கிவிடும். நண்டும் நரியும் அஞ்சத்தக்கவை. அவை தாயின் விரலே என்பதோ குழந்தை அறிந்தது. அஞ்சத்தக்கது ஒன்று வருகிறது, ஆயினும் அஞ்சவேண்டுவதில்லை. படிப்படியான ஏற்றம், தாழ்த்து வருதல், அச்சத்தின் போலி, தீண்டுவார் அன்பு என்னும் நான்கும் இவ்விளையாட்டின் உறுப்புக்கள்.

இந்நான்கும் ஒருங்கே அமைந்த பகுதி ஒன்று குற்றாலக் குறவஞ்சியில் உண்டு. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இந்நூலை இயற்றினார். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாதர் இதனைப் பாராட்டி அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப்படும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் இவ்வூர்களில் பரவும் சாரல், மேற்கூறிய இருவகையுள் மெல்லிய குறுகுறுப்பைத் தருவது, மெய்யைச் சிலிர்ப்பிப்பது. கவிராயர் தம் நூலின் இறுதிப் பகுதியில் அமைத்ததோ மற்றை வகை.

குறிசொல்லப் போன சிங்கியைக் காணாது சிங்கன் தேடி அலைகிறான். பறவை பிடிக்கும் தொழிலிலும் அவன் மனம் செல்லவில்லை. குற்றாலத் தெருவில் அவளைக் காணும்போது, அவள் மேனி முழுவதும் அவன் தாராத அணிகள் மின்னுகின்றன. சொல்லாமற் போனவள், பிறர் தந்த பொருளோடு நிற்கிறாள். கணவன் உள்ளத்தில் ஐயமும் சினமும் எழுதற்கு இதனின் மிக்க காரணம் வேண்டுவதில்லை. பூசல் விளையத்தக்க இவ்விடத்தில் கவிராயர் நகையை விளைத்தார்.

சிங்கன் அவள் காலில் விரியன் கிடப்பதென்னை என்கிறான். சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் சிங்கி. நாங்கூழ்ப்புழுவின் நெளிவு என அவன் கண்டது பாண்டியன் மகள் தந்த பாடகமாகிறது. காலிற் கட்டிய இறந்த தவளை, குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் அளித்த கெச்சமாகிறது. விரலிற் சுருண்ட பூச்சி, கண்டி தேசத்துக் காலாழியாகிறது. வாழைக் குருத்து நெல்வேலிச் சேலையாகிறது. மார்பின் கொப்புளம் காயலார் தந்த முத்தாரமாகிறது. இவ்வாறு வினாவும் விடையும் காலிலிருந்து கழுத்து நோக்கி ஏறிச் செல்கின்றன.

இவ்வைப்புமுறை கருதத்தக்கது. தெய்வத்தைப் பாதாதிகேசமாகவும் மக்களைக் கேசாதிபாதமாகவும் புனைதல் மரபு. இந்நூலில் வசந்தவல்லியின் வருணனை கூந்தலிலேயே தொடங்குகிறது. சிங்கியை மட்டும் கவிராயர் காலிலிருந்து காட்டுகிறார். தெய்வத்திற்குரிய முறையைக் குறத்திக்கு ஏற்றி, மலரும் மணியும் வரவேண்டிய இடத்தில் பாம்பும் புழுவும் தவளையும் வைத்தது எள்ளலின்பாற்படும் என்று ஒருவர் கூறலாம். அது பொருந்துவதே. ஆயினும், அவ்வேற்றத்தின் பயன் அதனினும் பெரிது. குழந்தையின் கையில் நண்டும் நரியும் ஏறுமாறு போலவே, இங்குக் கணவனின் கண்ணும் சொல்லும் படிப்படியாக ஏறுகின்றன. அடுத்து எவ்விடம் என்பது கேட்போர்க்குத் தெரியும். அங்கு என்ன உயிரைக் காண்பான் என்பது தெரியாது. ஒவ்வொரு வினாவிற்கும் விடைக்கும் இடையே சிறு வெளி ஒன்று தாழ்த்து நிற்கிறது. நகை பிறப்பது அவ்வெளியில்தான்.

இனி, இந்நகைக்குப் பேதைமையே நிலைக்களன், அணியறியாத குறவன் அணியைப் பாம்பென மயங்கினான் என்பாரும் உளராதல் கூடும். அஃது முற்றும் பொருந்தாது. காட்டில் வாழ்ந்து உயிரினம் அறிந்தவன் விரியனை அறியாதவன் அல்லன். முதல் விடையைப் பெற்றபின் அடுத்ததும் அணியே என உணர்தல் அவனுக்கு அரிதன்று. மேலும், பேதைமையே காரணமாயின் கேட்போர் அவனை நோக்கி நகைப்பர். ஈண்டோ அவ்விருவரோடும் உடன் நகைக்கின்றனர். அவன் கேட்க அஞ்சும் வினா ஒன்றே: இவற்றை உனக்குத் தந்தவர் யார்? அதனை நேரே கேட்பின் பூசலாகும். ஆதலின், பாம்பென்றும் புழுவென்றும் போலியச்சமாக மாற்றிக் கேட்கிறான். அவளும் அதனை உணர்ந்து, ஒவ்வோர் அணிக்கும் ஊரும் பெயரும் சொல்லி ஐயத்தை ஒவ்வொன்றாக அகற்றுகிறாள். உரையாடல் கழுத்தை அடையுமுன் சினம் கரைந்துவிடுகிறது.

இதன்பின் நிகழ்வது இத்துணிபை வலியுறுத்தும். ஐயம் நீங்கிய சிங்கன் முத்தம் வேண்டுகிறான். நடுப்பகலில் அது தகுமோ என்று சிங்கி மறுக்கிறாள். சொல்லாற் கூச்சம் விளைத்தவன் மெய்யைத் தீண்ட முற்படும்போது, கூச்சம் என்னும் சொல்லின் மற்றைப் பொருளாகிய நாணம் வந்து இடைநிற்கிறது. அவள் மறுப்பதும் அவனையன்று, வெளியிடத்தையும் பொழுதையுமே.

தொல்காப்பியர் உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன் கூறினார். சிங்கன் சிங்கி உரையாடலில் தோன்றுவது, விளையாட்டின்கண் பிறந்து நகையாய் வெளிப்படும் உவகை என்பதே இக்கட்டுரையின் துணிபு. கிச்சுக்கிச்சின் நகையும் இவ்வினத்ததே. ஆசிரியர் அதனை நகையின் நிலைக்களன்களுள் வையாதது குறையன்று. அதற்குரிய இடம் உவகையில் முன்னரே அமைந்துள்ளது.

இத்துணிபிலிருந்து மாணவர்க்குப் பயன்படும் ஒன்று பெறப்படும். தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ளல் இயலாதவாறு போல, இவ்வுரையாடலையும் ஒருவர் தனியே வாய்க்குள் படித்து முழுதும் நுகர்தல் இயலாது. குற்றாலத்தில் தம் பிற்கால வாழ்வைக் கழித்து 1954ஆம் ஆண்டில் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், செய்யுள் வாய்விட்டுப் பாடவும் நண்பர் குழுவிலிருந்து கேட்கவும் உரியது என்பதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டினார். நெல்லையில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி அதற்கென்றே அமைந்தது. குறவஞ்சியின் இப்பகுதியை வகுப்பில் இருவர் எதிரெதிர் நின்று பாடக் கேட்பின், வினாவிற்கும் விடைக்கும் இடையிலுள்ள அச்சிறு வெளியில் நகை தானே எழும். உரை அதற்குப் பின்னர் வரலாம்.