கஜானாவின் புதிய பாரா

முன்னாளில் கஜானாவைக் காப்பதற்கு இரும்புக் கதவும் துப்பாக்கி ஏந்திய பாராக்காரனும் போதுமானவையாயிருந்தன. நள்ளிரவில் "பாரா உஷார்!" என்ற குரல் கேட்டால் ஊரார் நிம்மதியாய் உறங்கினர். இன்றோ நமது சேமிப்பில் பெரும்பகுதி கம்ப்யூட்டர்களில் வெறும் எண்களாக இருந்து வருகிறது. கள்வனும் கன்னக்கோலைக் கைவிட்டு, கடல் கடந்த தேசத்தில் உட்கார்ந்தபடியே கை நீட்டக் கற்றுக்கொண்டான்.

இவனுக்கு எதிராகப் பாங்கிகளில் இரவு பகலாய் விழித்திருப்பவர்களே சைபர் பாதுகாப்பு எஞ்சினீயர்கள். யார், எந்நேரத்தில், எங்கிருந்து உள்ளே வந்தார், எதைத் தொட்டார் என்பதையெல்லாம் இயந்திரங்கள் தாமே குறித்து வைக்கின்றன. ஐயத்துக்குரியவை எச்சரிக்கைகளாகத் திரையில் வந்து விழும். அவற்றுள் மிகப் பல, கடவுச்சொல்லை மறந்த குமாஸ்தாவின் தடுமாற்றம் போன்றவை. பூனை உருட்டிய பாத்திரங்கள் என்னலாம். அச்சத்தங்களுக்கு நடுவே கள்வனின் காலடியைப் பிரித்தறிவதே இவர்களது தொழில்.

சத்தம் மட்டுமன்று, மௌனமும் எச்சரிக்கையாகலாம் என்பதை 2016-ஆம் வருஷம் உலகம் கற்றுக்கொண்டது. பிப்ரவரி 4-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, வங்காள தேசத்து மத்திய பாங்கியின் பெயரால் நியூயார்க் பெடரல் ரிசர்வ் பாங்கிக்கு 35 பொய்க் கட்டளைகள் பறந்தன. கேட்ட தொகை ஏறக்குறைய 95 கோடி டாலர்! பணக் கட்டளைகளை அச்சிட்டுத் தரவேண்டிய டாக்காவின் அச்சியந்திரம் மறுநாள் ஓய்ந்து கிடந்தது. வழக்கமான பழுதென்றே சிப்பந்திகள் எண்ணினர். கள்வர்களோ நாள் பார்த்து வந்தவர்கள். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. ஞாயிறன்று நியூயார்க்கில் விடுமுறை. திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர் மட்டும், பெறுபவரின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைக் கண்டு ஐயம் எழுந்தமையால் தப்பியது. ஐயுறும் மனம் ஒன்று விழித்திருந்ததன் பலன் அது!

அதே வருஷம் ஜூன் மாதத்தில் நமது ரிசர்வ் பாங்கி, இடைவிடாத கண்காணிப்பு நிலையங்களை அமைக்குமாறு பாங்கிகளுக்குக் கட்டளையிட்டது. 2022-இல் மத்திய சர்க்கார், இத்தகைய தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும், இயந்திரக் குறிப்புகளை 180 நாட்கள் வரை காத்து வைக்க வேண்டுமென்றும் விதித்தது. இவையனைத்தும் போற்றத்தக்கவை. ஆயினும் சட்டம் விழித்திருக்குமா? மனிதரன்றோ விழித்திருக்க வேண்டும்!

இவ்வெஞ்சினீயர்களின் நிலையோ விசித்திரமானது. ஒன்றும் நேராத இரவுக்காக இவர்களை யாரும் வாழ்த்துவதில்லை. ஒன்று நேர்ந்துவிட்டாலோ முதற்கேள்வி இவர்களைத்தான் நோக்கி வரும். வீண் ஐயத்தால் அரைமணி நேரம் வேலை நின்றால் மேலதிகாரி முகம் சுளிப்பார். அச்சுளிப்புக்கு அஞ்சி எஞ்சினீயர் ஒருமுறை வாளாவிருந்துவிட்டால், பறிபோவது பொதுஜனங்களின் பணம். விதவையின் வைப்புத்தொகையும் விவசாயியின் விளைச்சல் காசும் அதில் அடங்கும்.

எனவே, ஐயம் தோன்றியவுடன் கதவை அடைக்கும் அதிகாரத்தைப் பாங்கிகள் இவர்களுக்கு அளிக்க வேண்டும். தவறாக அடைத்ததற்காகத் தண்டிக்கலாகாது. பத்து முறை வீணாக "உஷார்" என்று கூவிய பாராக்காரனை நாம் பொறுத்துக்கொள்ளலாம். கூவ அஞ்சும் பாராக்காரனை வைத்துக்கொண்டு நாம் எவ்வாறு உறங்குவது?