குட்டிச் சிலந்திக்கு விலை பேசுகிறவரிடம் கேளுங்கள், தாள் எங்கே?

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களில் மரப்பொந்தைக் குச்சியால் குடைந்து, டரான்டுலா குட்டிகளை டப்பாவில் அடைக்கும் பையன்களைப் பார்க்கிறேன். கேட்டால், "விஷம் எடுத்து ஆராய்ச்சி பண்றாங்களாம் சார், கீழேயிருந்து வந்தவங்க காசு தர்றாங்க" என்கிறார்கள். எந்த நிறுவனம், யார் அனுமதி என்றால் பதில் இல்லை. வேலை சொன்னவர் கீழே இறங்கிவிடுவார். டப்பாவோடு பிடிபடுவது நம் பையன்தான்.

இந்த மலையடிவாரத்துக் காடையாம்பட்டியில் கிடைத்த டரான்டுலாவைத்தான் 1899-இல் போக்காக் என்ற ஆங்கிலேயர் 'பொசிலோதீரியா ஃபார்மோசா' என்று பெயரிட்டு விவரித்தார். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2019-இல் அந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்ந்தது. சைட்ஸ் உயிரினங்களுக்கென்றே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 திருத்தம் நான்காம் அட்டவணையைக் கொண்டுவந்தது. உயிரோடு வைத்திருந்தால் அரசிடம் தெரிவித்துப் பதிய வேண்டும். இதையெல்லாம் சொன்னபோது ஓர் அலுவலகத்தில், "சிலந்திக்கெல்லாமா சட்டம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். சட்டத்தைக் காக்க வேண்டிய நாற்காலி கேட்கிற கேள்வியா இது?

குட்டிகளை ஏன் கேட்கிறார்கள்? கறுப்பு விதவைச் சிலந்தியில் முட்டையிலும், பொரித்த குஞ்சின் உடம்பிலும்கூட நச்சுப் புரதங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் ஆய்வகத்தில் குஞ்சுகளை முழுதாக அரைத்துச் சாறெடுப்பதுண்டு. டரான்டுலா வேறு, அதன் நஞ்சு சுரப்பியில் இருக்கிறது. வளர்ந்த சிலந்தியை மயக்கி, மெல்லிய மின்னதிர்வு கொடுத்துக் கண்ணாடிக் குழலில் துளி நஞ்சைச் சேகரிக்கலாம், சிலந்தி பிழைக்கும். குட்டியில் கிடைப்பது மிகச் சொற்பம். பொசிலோதீரியாக் குட்டிகள் ஒரே பொந்தில் கூட்டமாக இருப்பவை என்பதால், ஒரு பொந்தைக் குடைந்தால் ஒரு குடும்பமே போகும். வடநெம்மேலியில் 1978-இல் உருவான இருளர் கூட்டுறவுச் சங்கம் வனத்துறை உரிமத்தோடு பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விடுகிறது. அரைத்த குட்டியை எங்கே விடுவது?

ஆராய்ச்சியை நான் எதிர்க்கவில்லை. தாளைக் கேட்கச் சொல்கிறேன். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்கீழ் தலைமை வனவுயிர்க் காப்பாளர் தந்த அனுமதி ஆணைதான் அந்தத் தாள். அந்தப் பிரிவு உயிர்காக்கும் மருந்துக்காக நஞ்செடுப்பதைச் சொல்லும்போது பாம்பு நஞ்சை மட்டுமே குறிப்பிடுகிறது. ஆகவே சிலந்திக்கு அறிவியல் ஆய்வு என்ற காரணத்தில்தான் அனுமதி கேட்க வேண்டும். ஆணையில் எந்த இனம், எத்தனை, எந்த இடம், யார், எந்தத் தேதிவரை என்று பாருங்கள். கல்லூரி அடையாள அட்டை அனுமதியல்ல. பேராசிரியர் கடிதமும் அனுமதியல்ல. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே தனிக் குற்றம்.

வந்தவர் வெளிநாட்டவர் என்றால் சென்னை தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியும் வேண்டும். நாகலூர் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் விசாரியுங்கள். குழு பெயரளவில்தான் இருக்கிறதென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

தாள் இல்லையா? சண்டை வேண்டாம். வண்டி எண், தேதி, இடம் குறித்து, ஏற்காடு வனச்சரக அலுவலகத்துக்கும் சேலம் மாவட்ட வன அலுவலருக்கும் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் எழுதுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1)-இன்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சிலந்தி கடித்துவிட்டால்? கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, 108-ஐ அழைத்து ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தசைப்பிடிப்பு கடுமையாக வரலாம், சில நாள் கழித்தும் திரும்பலாம். பாம்புக்கடி ஊசி போடச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள். அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நஞ்சுக்கானது. சிலந்திக்கு உதவாது, ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகலாம். கடித்தது எதுவென்று பார்க்காவிட்டால் அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபடி சொல்கிறேன்: கீறாதீர்கள், கட்டாதீர்கள்.

நாகலூர்ப் பெற்றோரே, அந்த டப்பாவுக்கு யாரோ தரும் காசை உங்கள் பிள்ளை வாங்க விடாதீர்கள். முதலில் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.