தகட்டைத் தட்டிப் பார்த்துக் கார் வாங்கலாமா?

நவி மும்பையின் வாஷியிலும் அதை ஒட்டிய சான்பாடா, நெரூல், கோப்பர்கைரணைப் பகுதிகளிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் சிறிய கார், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, தானே கடற்கழியின் மேலுள்ள பாலத்தைக் கடந்து செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கும் மாட்டுங்கா கடைத்தெருவுக்கும் போய்வருவது. 2024 அக்டோபரில் வாஷி உள்ளிட்ட ஐந்து மும்பை நுழைவாயில்களில் சிறு வாகனங்களுக்குச் சுங்கம் நீக்கப்பட்டதிலிருந்து இந்தப் பயணத்தின் செலவும் குறைந்திருக்கிறது. மற்றொன்று, கோடை விடுமுறையில் கண்டாலா மலைப்பாதை ஏறி, புணே, கோலாப்பூர், ஹுப்பள்ளி, பெங்களூர், சேலம், மதுரை எனத் திருநெல்வேலி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடிச் சேர்வது. முதல் வேலையில் காரின் எதிரி உப்புக் காற்றும் மழையும். இரண்டாவதில் நெடுஞ்சாலை வேகம். பட்ஜெட்டுக்குள் வாங்கும் ஒரு குடும்பக் கார் இவ்விரண்டையும் தாங்குமா என்பதைத்தான் ஷோரூம்காரர்களும் மெக்கானிக்குகளும் பில்டு குவாலிட்டி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

அந்தச் சொல்லுக்குள் உண்மையில் மூன்று தனித்தனிப் பண்புகள் கலந்து கிடக்கின்றன. மோதலின்போது உள்ளே இருப்பவர்களைக் காக்கும் எஃகுக் கூட்டின் வலிமை அவற்றில் ஒன்று. தகடுகளும் பிளாஸ்டிக் பாகங்களும் எவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியிருக்கின்றன என்பது இன்னொன்று. நீரையும் துருவையும் அதிர்வையும் எத்தனை ஆண்டுகளுக்கு அந்தப் பொருத்தம் தாங்கும் என்பது மூன்றாவது. ஒன்றில் சிறந்த கார் மற்றொன்றில் சுமாராக இருக்கலாம் என்பதையும், கண்ணுக்கும் கைக்கும் எளிதில் எட்டுவது இரண்டாவது பண்பு மட்டுமே என்பதையும் உணராமல் வாங்குவோர், மெத்தென்ற டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு முழுக் காரும் உறுதியானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மும்பையில் இந்த மயக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. செம்பூருக்கு அடுத்த குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் உருவான பத்மினி, 1960களின் ஃபியட் 1100 வடிவமைப்பிலிருந்து வந்தது. கறுப்பு மஞ்சள் டாக்சியாக நகரெங்கும் ஓடிய அந்த வண்டியில் கடைசியாகப் பதிவானது தன் 20 ஆண்டு ஆயுளை முடித்துக்கொண்டு 2023 அக்டோபரில்தான் சாலையை விட்டு விலகியது. அதன் கனத்த கதவு சாத்தும் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, இன்றைய காரின் தகடு கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்குவது பெருங்குறையாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் கனம் என்பது காப்பு ஆகாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2009ஆம் ஆண்டில், 1959ஆம் ஆண்டுச் செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டுச் செவ்ரோலே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டுப் பார்த்தது. கப்பலைப் போல நீண்ட பழைய காரில் ஓட்டுநர் அமரும் அறையே நொறுங்கிப்போயிற்று. புதிய காரில் அந்த அறை பெரும்பாலும் உருக்குலையாமல் நின்றது.

இதன் காரணம் எளிமையானது. மோதலில் காரின் இயக்க ஆற்றல் ஏதாவது ஒன்றாக மாறியே தீர வேண்டும். முன்பகுதி மடங்கி அதை உள்வாங்காவிட்டால், அமர்ந்திருப்பவரின் உடல்தான் உள்வாங்கும். ஆகவே முன்னும் பின்னும் திட்டமிட்டு மடங்கவும், நடுவே ஆட்கள் இருக்கும் அறை மட்டும் மடங்காமல் நிற்கவும் வேண்டும் என்ற சிந்தனையை மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்தில் காப்புரிமையாகப் பதிந்தார். இப்படி மடங்கும் பகுதிக்குக் கிரம்பிள் ஸோன் என்று பெயர். விரலுக்கு அகப்படும் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட தோல் மட்டுமே. பலம் இருப்பது அதற்கு உள்ளே, கண்ணாடியின் இருபுறமும் சாய்ந்து ஏறும் ஏ பில்லர், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கும் பி பில்லர், காலடியில் ஓடும் சில் ஆகியவற்றில். இந்த இடங்களில் சூடாக்கி அச்சில் அழுத்தி உடனே குளிர்விக்கும் முறையில் செய்யப்பட்ட எஃகு பயன்பட்டால், அது சாதாரண எஃகைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு இழுவிசையைத் தாங்கும். வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் எவருக்கும் அது தெரியப்போவதில்லை.

தெரிந்துகொள்ள உள்ள ஒரே நேர்மையான வழி, யாராவது அந்தக் காரை மோதிப் பார்த்திருப்பதுதான். இந்தியாவில் இது பொதுப் பேச்சுக்கு வந்தது 2014 ஜனவரியில், குளோபல் என்கேப் என்ற அமைப்பு இங்கே விற்ற ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகளை மோதவிட்டு, ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தபோது. ஆனால் பூஜ்யத்துக்குள்ளேயும் ஒரு வேறுபாடு இருந்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10 ஆகியவற்றின் கூடு குலைந்தது; போலோ, ஃபிகோ ஆகியவற்றின் கூடு நிலைத்து நின்றது. அதே போலோ இரண்டு ஏர்பேக்குகளுடன் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் பெற்றது. கூடு குலையும் காரில் ஏர்பேக்கை மட்டும் சேர்ப்பதால் அத்தகைய ஏற்றம் கிடைக்காது என்பதால், குளோபல் என்கேப் அறிக்கைகளில் கூடு நிலையானது, நிலையற்றது என்று குறிக்கும் ஒரு வரி, நட்சத்திர எண்ணிக்கையைவிடவும் வாங்குபவருக்கு அதிகம் சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் பெயரை வைத்தே எல்லா மாடல்களையும் புகழ்வதும் ஒதுக்குவதும் தவறு என்பதற்கும் அதே அமைப்பின் சோதனைகளில் சான்று உண்டு: 2022 டிசம்பரில் மாருதி ஸ்விஃப்ட் பெற்றது ஒரு நட்சத்திரம், 2024 நவம்பரில் அதே நிறுவனத்தின் புதிய டிசையர், வயது வந்தோர் பாதுகாப்பில் ஐந்து.

சட்டம் கேட்பது இதைவிடக் குறைவு. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான முன்மோதல் சோதனை, மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது; 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, இந்தியாவின் சொந்த நட்சத்திர மதிப்பீடான பாரத் என்கேப் திட்டத்தின் முன்மோதல் வேகமோ 64 கிலோமீட்டர். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுவதால், இந்த எட்டு கிலோமீட்டர் இடைவெளி ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் ஆற்றலாகிறது. பாரத் என்கேப் கட்டாயமற்ற திட்டம். ஆகவே ஒரு மாடலின் பெயர் அதில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று விற்பனையாளரிடம் கேட்பது முறையானது.

இன்னொரு செய்தியும் நினைவில் இருக்கட்டும். விலை குறைந்த வகைக்கும் உச்ச வகைக்கும் பொதுவாக ஒரே கூடுதான். நடுவே கூடும் விலை பெரும்பாலும் திரைக்கும் சக்கரத்துக்கும் இருக்கைத் துணிக்கும் போகிறது. பாதுகாப்புச் சாதனங்களில் குறைவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கீழ் வகையை வாங்கும் குடும்பம், வலிமையில் எதையும் இழப்பதில்லை.

கூட்டுக்கு அடுத்தது நீர். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400. வாஷியில் இதனுடன் கடற்கழியின் உப்பீரமும் சேர்கிறது. இங்கே ஒரு காரை அளக்கச் சிறந்த இடம் கதவின் அடிவிளிம்பு. கதவு என்பது இரண்டு தகடுகளால் ஆனது. வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தி, அந்த மடிப்பின் மேல் ஒட்டுப்பசை போன்ற சீலன்ட்டைக் கோடாக இழுத்துவிடுகிறார்கள். கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி எப்போதும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காக அடியில் சிறு வடிகால் துளைகள் விடப்பட்டிருக்கும். குனிந்து பார்த்து விரலை ஓட்டினால், சீலன்ட் அறுபடாமல் முழு நீளமும் ஓடுகிறதா, மூலை திரும்பும் இடத்தில் விட்டுப்போயிருக்கிறதா, துளைகள் பெயிண்ட்டாலோ மெழுகாலோ அடைந்திருக்கின்றனவா என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடைபட்ட துளையுள்ள கதவு மழைக்காலத்தில் உள்ளேயே நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். துரு அந்த மடிப்பின் உள்பக்கம் தொடங்கி, பெயிண்ட் கொப்புளமாக எழும்பும்போதுதான் உரிமையாளரின் கண்ணில் படும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைச் சோதிக்க மெக்கானிக்குகள் அறிந்த வழி ஒன்று உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுத்தால், பீடிங் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்துடன் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் மழையும் காற்றின் இரைச்சலும் நுழைவது அங்கேதான். டிக்கியின் அடியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் நீர் தேங்கிய அடையாளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செல்போன் விளக்கைப் பிடித்து வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்கும்போது, சக்கரக் குடைவுக்குள் பிளாஸ்டிக் உறை முழுதாக இருக்கிறதா, தகடுகள் சேரும் இடங்களில் பூச்சு விட்டுப்போகாமல் இருக்கிறதா என்பதைக் கவனிக்கலாம்.

பெயிண்ட் என்று கண்ணுக்குத் தெரிவது எல்லா அடுக்குகளும் சேர்ந்து பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆலையில் முழுக் கூட்டையும் ஒரு தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சை ஏற்றுவதால், குழாய் போன்ற உட்பகுதிகளிலும் அது படிகிறது. விபத்துக்குப் பின் டிங்கரிங் பார்த்துப் பட்டறையில் அடித்த தகட்டுக்கு அந்த முதல் பூச்சு திரும்பக் கிடைக்காது. பழைய கார் வாங்குவோர் இதனாலேயே பானெட்டைத் திறந்தால் தெரியும் ஓரங்களிலும் கதவுப் பீடிங்கை விலக்கினால் தெரியும் விளிம்பிலும், ஆலையின் ஸ்பாட் வெல்டிங் விட்டுச் சென்ற வட்டக் குழிகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய காரில் பானெட், ஃபெண்டர், கதவு இவற்றுக்கு இடையேயான இடைவெளி இருபுறமும் ஒத்திருப்பது போதும். பம்பரின் நிறம் பக்கத்துத் தகட்டிலிருந்து சற்றே வேறுபட்டுத் தெரிவது பல கார்களில் காண்பதே. ஒன்று பிளாஸ்டிக், மற்றது எஃகு.

உட்புறத்துக்கு வந்தால், கடினமான பிளாஸ்டிக் இருப்பதே குறை என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பட்ஜெட் விலையில் பெரும்பாலான டேஷ்போர்டுகள் பாலிபுரொப்பிலீன் என்ற மலிவான, வெயில் தாங்கும் பிளாஸ்டிக்கால் ஆனவை. குழந்தை பிஸ்கட்டைக் கொட்டினாலும் துடைத்தால் போய்விடும். குறை என்று சொல்லத்தக்கது வேறிடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் பாகம் இரண்டு அச்சுகளுக்கு நடுவே உருவாவதால், அவை சேருமிடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். அது சீவப்படாமல் விடப்பட்டால் கத்திமுனை போலக் கையைக் கீறும். கதவின் பாட்டில் வைக்கும் பள்ளம், இருக்கையின் அடிப் பிடி, கையுறைப் பெட்டியின் உள்விளிம்பு ஆகிய, விற்பனையாளர் சுட்டிக் காட்டாத இடங்களைத் தடவிப் பார்ப்பது அந்தக் காரைச் செய்தவர்களின் அக்கறையை அளந்து காட்டும். பின்னிருக்கையில் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடைக்குத் தாங்கல் இல்லாத இருக்கையும் விரைவில் அமுங்கிவிடும் நுரையும், கோலாப்பூர் தாண்டுவதற்குள் முதுகுவலியாகிவிடும்.

டெஸ்ட் டிரைவுக்குப் பாம் பீச் சாலையின் வழவழப்பான தளத்துக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். அதை ஏற்காமல், துர்பே பக்கத்தில் லாரிகள் உழுதுபோட்ட சாலையிலோ பேவர் பிளாக் பதித்த குறுக்குத் தெருவிலோ 20, 30 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியையும் பாட்டையும் அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்ட வேண்டும். அப்போது டேஷ்போர்டிலிருந்தோ பின்பலகையிலிருந்தோ எழும் கிறீச், கடகட ஓசைகள், இரண்டு பாகங்கள் நடுவே துணிப்பட்டை இல்லாமல் உரசுகின்றன அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம். புதுக் காரிலேயே கேட்கும் ஓசை, வெயிலில் விரிந்தும் ஏசியில் சுருங்கியும் பிளாஸ்டிக் களைத்துப்போகும் மூன்றாம் ஆண்டில் குறையப்போவதில்லை.

இந்தச் சோதனைகளில் பாதி, ஷோரூமில் நிற்கும் காட்சி வண்டியில் செய்தால் பயன் தராது. வீட்டுக்கு வரப்போகும் அதே வண்டியின் சேசிஸ் எண்ணை வாங்கிக்கொண்டு, அது நிற்கும் கிடங்குக்கே பகல் வெளிச்சத்தில் போய்ப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். வண்டி எத்தனை மாதம் மழையிலும் வெயிலிலும் நின்றது என்பதை ஊகிக்க அதுவும் உதவும். முழுப் பணத்தையும் கட்டுவதற்கும், வாஷி ஆர்டிஓவில் எம்எச் 43 என்று தொடங்கும் எண் பதிவாவதற்கும் முன்பாகவே இதைச் செய்துவிடுங்கள். பதிவு முடிந்த பிறகு பழுதைச் சரிசெய்து தருவார்களே தவிர, வண்டியை மாற்றித் தரச் செய்வது மிகக் கடினம்.